காக்கைக்கு எடுத்து வைத்த சோறு

ஐந்தாவது விசில் போட்டது குக்கரா, குருவியா? செண்பகவல்லி கரண்டியும் கையுமாக அடுப்பு முன்னால் நின்று இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். நாலு வரைக்கும் சந்தேகமில்லை, வெயிட்டு ஆடினதைக் கண்ணால் பார்த்தாள். ஐந்தாவது வந்தபோது பாயசத்துக்கு ஏலக்காய் தட்டிக்கொண்டிருந்தாள், சத்தம் முதுகுப் பக்கம் கேட்டது. முதுகுப் பக்கம்தான் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பின்கட்டுப் புல்வெளி, அதைச் சுற்றி மரவேலி, வேலிமேல் அது. வந்த புதிதில் ஒருநாள் இப்படித்தான் விசிலை நம்பி அடுப்பை அணைத்துவிட்டுத் திறந்தால் பருப்பு சரளைக்கல்லாகக் கிடந்தது. மருமகன் தினகரன் விழுந்து விழுந்து சிரித்தார். ‘அத்த, அதுல ரெண்டு விசில் அந்தக் குருவி போட்டது. மாக்கிங்பேர்ட்னு பேரு. டெக்சாஸுக்கே அதான் மாநிலப் பறவை.’ காதில் விழுந்ததையெல்லாம் திருப்பிச் சொல்லுமாம். எதிர்வீட்டுக் கார் தானாகக் கத்துமே அந்தக் கத்தல், குப்பை லாரி பின்னால் வரும்போது போடும் கீக் கீக், இன்னும் பத்துப் பன்னிரண்டு பறவைகளின் பாட்டு, எல்லாம் அதன் வாயில் உண்டு. ஒன்றை மூன்று நாலு தரம் சொல்லும், பிறகு அடுத்ததற்குத் தாவும், வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. பார்க்க ஒன்றுமில்லை, சாம்பல் நிறம், நீட்டு வால், மைனா அளவு. பறந்தால்தான் இறகில் வெள்ளைத் திட்டு பளிச்சென்று தெரியும். அதற்கென்று சொந்தக் குரல் கிடையாதா மாப்பிள்ளை என்று கேட்டாள். அவர் போனைத் தடவிப் படித்துவிட்டு, ‘இருக்கு அத்த, கோவம் வந்தா மட்டும்’ என்றார். அது சரி, மனுஷருக்கும் அப்படித்தானே என்று அன்றைக்குச் சிரித்தாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சொந்தக் குரலை இந்த வீட்டில் அவளளவுக்கு யாரும் கேட்டதில்லை.

சோறு வெந்துதான் இருக்கும், இல்லாவிட்டால் இன்னொரு விசில் விடலாம், நேரம் இருக்கிறது, உச்சிக்குள் படைக்க வேண்டும், அவ்வளவுதானே. வீட்டுக்காரருக்கு இன்று திதி. கோமதி ஆபீசுக்குப் போகும்போதே சொல்லிவிட்டுப் போனாள், ‘அம்மா, வடை அதிகம் சுடாத, நாம மூணு பேருதான். காக்கா எடுத்ததும் எனக்கு ஒரு போன் போட்டுரு, அதுவரைக்கும் நானும் சாப்பிட மாட்டேன்.’ ஃப்ரீசரில் கல்லாகக் கிடந்த வாழையிலையைக் காலையிலேயே எடுத்துப் போட்டாயிற்று. வாழைக்காய் புட்டு, உருளைக்கிழங்கு, உளுந்தவடை, பருப்பு, சாம்பார், பாயசம். உப்பு போட்டோமா சாம்பாருக்கு? போட்டிருப்போம். போடாவிட்டால் என்ன, இனிமேல் யார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துபோகப் போகிறார்கள்? நாற்பது வருஷம் உப்புக்கும் உறைப்புக்கும் குறை சொல்லிச் சொல்லியே சாப்பிட்ட மனுஷர். மின்வாரியத்தில் கம்பம் ஏறுகிற வேலை, பசி அப்படி, நாக்கு அதைவிட. ஒருநாள், ஒரே ஒருநாள், நல்லா இருக்குளா என்று சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பார்? சேச்சே, திதியும் அதுவுமாக இதை ஏன் நினைக்க வேண்டும். அவர் போனதிலிருந்து மூன்று வருஷமாக, போன மாதம் வரைக்கும், காக்கைக்கு ஒரு கை வைக்காமல் அவள் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. ஊரில் அது ஒரு பாடே இல்லை, மொட்டைமாடிக் கதவைத் திறந்தாலே வந்து உட்கார்ந்துவிடும். இங்கே வந்த பிறகு சோற்றை வைத்துக்கொண்டு கா கா என்று கத்தினால் அடுத்த வீட்டு வெள்ளைக்காரர் ஏதோ ஆபத்து என்று வேலிக்கு மேல் தலையை நீட்டினார். கறுப்பாக நாலு பறவை வந்தன, தின்றன, அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பத்துநாள் கழித்து மாப்பிள்ளை பார்த்துவிட்டு, ‘அத்த, அது காக்கா இல்ல, கிராக்கிள்னு வேற சாதி. வாலப் பாருங்க, கண்ணு மஞ்சளா இருக்கு பாருங்க’ என்றார். அப்படியானால் பத்து நாள் சோறு? அது அவருக்குப் போய்ச் சேர்ந்ததா, நடுவில் எவனோ தின்றுவிட்டுப் போனானா? அன்றிரவு அவளுக்குத் தூக்கமே பிடிக்கவில்லை. பிறகு வடையைப் பிட்டுப் பிட்டு வேலிமேல் வைத்து, கூப்பிட்டுக் கூப்பிட்டு, நிஜமான காக்கைகள் இரண்டு பழகின. நம்ம ஊர்க் காக்கையைவிடப் பெரிசு, கழுத்தில் சாம்பல் கிடையாது, முழுக் கறுப்பு. அதில் ஒன்று தலையைச் சாய்த்து அவளை ஒருமாதிரி பார்க்கும். சோற்றில் இன்னும் என்ன குறை என்று பார்க்கிற பார்வை. அவர்தான் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது.

எண்ணெய் காய்ந்துவிட்டது, வடையைத் தட்டிப் போடு, கையை நனைத்துக்கொள். கை. கையை நினைத்தால் அந்த ஆஸ்பத்திரி வந்துவிடும், நினைக்காதே, வடையில் ஓட்டை போடு. வாதம் வந்து ஒருபக்கம் விழுந்ததும் டாக்டர் சொல்லிவிட்டார், தொண்டை வேலை செய்யவில்லை, வாய் வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாது என்று. மூக்கில் குழாய், குழாயில் கஞ்சித் தண்ணீர். நர்ஸ் பிள்ளையும் வரும்போதெல்லாம் சொல்லும், ‘அம்மா, பாவம் பாத்து ஒரு வாய் குடுத்துராதீங்க, பொரையேறி நெஞ்சுக்குள்ள போயிரும், அப்புறம் எங்கள கேக்காதீங்க.’ அவர் குழறிக் குழறிக் கேட்டார். ‘ஏளா செம்பகம். ஒரு வாய் சோறு தாளா.’ நாற்பது வருஷத்தில் எதையும் தா என்று அவளிடம் கேட்டதில்லை, எடுத்துட்டு வா என்றுதான் பழக்கம். ‘சும்மா இருங்க, டாக்டர் திட்டுவாரு’ என்றாள். பேச்சு நின்ற பிறகு நல்ல கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டினார். அவள் வராந்தாவுக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைத் தின்றாள், பசித்தது, என்ன செய்ய, வயிறு யார் செத்தால் எனக்கென்ன என்று கேட்கும். வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து போர்வையைச் சரி செய்தபோது அவர் அவள் கையைப் பிடித்தார். ஆசையாகப் பிடிக்கிறார் என்றுதான் நினைத்தாள், தலையைக்கூட வருடப் போனாள். அவர் அவள் விரல்களை மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். ஒவ்வொரு விரலாக முகர்ந்தார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு போனாள், கெட்டிக்காரி. கொடுத்திருந்தால் அன்றைக்கே போயிருப்பார், கொடுக்காததால் ஒரு வாரம் கழித்துப் போனார், டாக்டர் சொன்னது சரிதான், யாரைக் கேட்டாலும் சரி என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு வாரத்தை வைத்து அவர் என்ன செய்தார்? பசித்துக் கிடந்தார். வடை கருகுகிறது, திருப்பு.

இத்தனையும் மனசில் வைத்துக்கொண்டுதான் போன மாதம் அந்தக் குருவிக் கூட்டு முன்னால் நின்றாள், அதுதான் தப்பு. சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் இடுப்பளவுக்கு ஒரு புதர், இலையெல்லாம் முள்ளாக இருக்கும், அதற்குள் அந்தச் சாம்பல் குருவி ஜோடி குச்சியும் புல்லுமாகக் கூடு கட்டியிருந்தது. நீலமும் பச்சையுமாக நாலு முட்டை, மேலே காப்பிப்பொடி தெளித்த மாதிரி புள்ளி. பொரிந்து குஞ்சுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடந்த நேரம். அன்றைக்குச் சோறு வைக்க நாழியாகிவிட்டது, கோமதியோடு கடைக்குப் போய்வந்தாள். வழக்கமான நேரத்துக்கு வந்த காக்கைகள் வேலியில் காத்திருந்தன. காத்திருந்தவை சும்மா இருக்குமா? குருவி வாயில் புழுவோடு புதருக்குள் போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்திருக்கின்றன. அவள் தட்டோடு கதவைத் திறக்கிற வேளையில் ஒன்று புதருக்குள் இறங்கிவிட்டது, தலையைச் சாய்த்துப் பார்க்குமே அதே ஒன்று. குருவி இரண்டும் விழுந்து விழுந்து கொத்தின, கத்தின. இவள் கையில் தட்டு இருந்தது. தட்டால் ஒரு வீசு வீசியிருந்தால் போதும், ஒரு அதட்டல் போட்டிருந்தால்கூடப் போதும். போடவில்லை. திகைத்துப்போய் நின்றாள் என்றுதான் கோமதியிடம் சொன்னாள். திகைப்பா? மனசுக்குள் ஒரு குரல் சொல்லிற்றே, அவருக்குப் பசி, தின்னட்டும் என்று. கடைசிக் குஞ்சை அலகில் கவ்விக்கொண்டு காக்கை அவளைத் தாண்டிப் போனபோது அவளுக்கு, சொன்னால் வெட்கக்கேடு, வயிறு நிறைந்த மாதிரிகூட இருந்தது. அது ஒரு நிமிஷம்தான். அப்புறம் அந்தத் தாய் காலிக் கூட்டின் விளிம்பில் வந்து உட்கார்ந்தது, வாயில் புழு இன்னும் இருந்தது. உள்ளே பார்த்தது. அப்புறம் இவளைப் பார்த்தது.

மறுநாள் துணி காயப்போடப் போனவளின் நடுமண்டையில் நங்கென்று ஒன்று விழுந்தது. தேங்காய் மாதிரி ஏதோ என்று மேலே பார்த்தாள், தென்னை ஏது இந்த ஊரில். வெள்ளைத் திட்டு பளிச்சிட மறுபடி இறங்கியது, சக் சக்கென்று அந்தச் சொந்தக் குரலில் வைதுகொண்டு. கோமதி போனாள், அவளை அது ஒன்றும் செய்யவில்லை. மாப்பிள்ளை புல் வெட்டும் மெஷினை டமடமவென்று அதன் மூக்குக்கு நேரே தள்ளிக்கொண்டு போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த வீட்டு வெள்ளைக்காரர், தபால் போடுகிறவர், யாருக்கும் ஒன்றுமில்லை. இவள் கதவைத் திறந்து ஒரு காலை எடுத்து வைக்க வேண்டியதுதான். கோமதியின் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் தொப்பி வைத்துக்கொண்டுகூடப் போய்ப் பார்த்தாள். பாச்சா பலிக்கவில்லை. ‘அத்த, அதுக்கு மனுஷ மூஞ்சி ஞாபகம் இருக்குமாம்’ என்றார் மாப்பிள்ளை, போனில் படித்து. ‘யாரு கூட்டுக்குக் கெடுதல் பண்ணாங்களோ அவங்கள மட்டும் கூட்டத்துல கூடக் கண்டுபிடிச்சுக் கொத்துமாம். பயங்கரமான ஆளு.’ கோமதி, ‘எங்கம்மா என்ன கெடுதல் பண்ணிச்சு? பாவம், காக்காய்க்குச் சோறுதான வச்சிச்சு’ என்று தாய்க்குப் பரிந்துகொண்டு வந்தாள். செண்பகவல்லி தலையைக் குனிந்து கீரை ஆய்ந்தாள். கெடுதல் என்னவென்று அதற்கும் இவளுக்கும் மட்டும்தான் தெரியும். நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவரால் இவள் மனசுக்குள் ஓடுவதைப் படிக்க முடிந்ததில்லை, பருப்பளவு மூளை வைத்திருக்கிற ஒரு குருவி ஒரே பார்வையில் படித்துவிட்டது. அன்றோடு காக்கைக்குச் சோறு வைப்பதை நிறுத்தினாள். கேட்டால் வைத்தாயிற்று என்று சொல்லிவிட்டு, ஒரு கைச் சோற்றைக் குப்பைப் பையில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்காருவாள். தொண்டைக்குழியில் நிற்கும். தண்ணீர் விட்டு இறக்குவாள். காக்கைகள் நாலைந்து நாள் வேலியில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு மெதுவாக வராமல் போயின. குருவியோ, இழவு விழுந்த வீட்டில் எத்தனை நாள் அழுவது என்று, அதே புதரில் இரண்டு கை தள்ளிப் புதுக்கூடு கட்டிவிட்டது. மறுபடி முட்டை, மறுபடி குஞ்சு. சத்தம் இப்போதும் கேட்கிறது, சீச்சீச்சீ என்று, மூன்றோ நாலோ. பசிச் சத்தம்.

இலையைத் துடைத்துப் பரிமாறினாள். இடது மூலையில் உப்பு, இனிப்பு, அப்புறம் கறிவகை, நடுவில் சோறு, சோற்றின்மேல் பருப்பு, நெய். ஆவி பறந்தது. வெளியே வைக்கலாமா வேண்டாமா என்று காலையிலிருந்து நூறு தடவை கேட்டாயிற்று. வைத்தால் காக்கை வரும், வந்தால் குஞ்சுகளைப் பார்க்கும். முன்வாசலில் வைத்தால் என்ன? வீட்டுக்கு மேலே பறக்கிறதற்கு முன்வாசல் ஏது, பின்வாசல் ஏது. சாயங்காலம் காரில் பார்க்குக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவோம் அத்த என்றார் மாப்பிள்ளை, நல்ல பிள்ளை, ஆனால் உச்சி தாண்டினால் அது திதிச் சோறா, மிச்சச் சோறா? தெருக்கோடிக்கு நடந்துபோய் வைக்கலாம், மோப்பம் பிடித்துப் பின்னாலேயே வந்துவிடும், ஒருதடவை வந்த வழியை அவை விடுமா. ஊரில் யாராவது பசுவுக்குக் கொடுக்கலாம் என்பார்கள். ஹூஸ்டனுக்கு வெளியே வரிசையாக ஒரே அச்சில் வார்த்த வீடுகளுக்கு நடுவில் பசுவுக்கு எங்கே போக? இது ஒருநாள்தானே, ஒரே ஒருநாள். வைத்துவிட்டுப் பக்கத்திலேயே காவல் நின்றால்? தின்றுவிட்டுப் போய்விடும், நாளைக்கு மறுபடி வரும், நாளைக்கு யார் காவல், மறுநாள்? அவர் வருஷம் முழுக்கக் காத்திருந்து வருகிற நாள் இது. வேண்டாம் என்று அவரிடம் சொல்ல இவள் யார்? ஏற்கெனவே ஒருதடவை சொன்னவள்தானே. குஞ்சுகளைப் பெற்றது இவள் இல்லை, வளர்த்தது இவள் இல்லை, அந்தக் குருவியோ தினமும் மண்டையில் போடுகிறது, அதற்காக அவரைப் பட்டினி போடுவதா? வைத்துவிடுவோம். முடிவாக வைத்துவிடுவோம் என்று இலையைத் தட்டோடு தூக்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கதவைத் தள்ளினாள்.

கூப்பிடவே இல்லை. வேலியில் உட்கார்ந்திருந்தது. எத்தனையோ நாளாக வராதது, ஒற்றையாக, வெயிலில் கறுப்புப் பளபளக்க, தலையைச் சாய்த்துக்கொண்டு. செண்பகவல்லி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வந்துட்டாங்களே, நாள் தெரிந்து வந்துட்டாங்களே. காக்கை இலையைப் பார்த்தது. பிறகு புதரைப் பார்த்தது. மறுபடி இலை. கூரை ஓரத்தில் தாய்க்குருவி நின்றது, வாயில் ஒரு வெட்டுக்கிளி இருந்தது. பறந்து வந்து இவளைக் கொத்தவில்லை, காக்கையையும் கொத்தவில்லை, புதருக்கும் போகவில்லை. போனால் இடம் தெரிந்துவிடும் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, இந்தத் தடவை கற்றுக்கொண்டிருக்கிறது. வெட்டுக்கிளியைக் கவ்வியபடி அப்படியே நின்றது. உள்ளே குஞ்சுகள் கத்தின. காக்கை உட்கார்ந்திருக்கிற வரைக்கும் அதுகளுக்குச் சோறு கிடையாது. இவள் வைக்கிற வரைக்கும் காக்கை உட்கார்ந்திருக்கும். கையில் சோற்றை வைத்துக்கொண்டு கொடுக்க முடியாமல் நிற்பது என்றால் என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இலையைச் சமையலறைத் தரையில் வைத்துவிட்டு வெளியே நின்றபடி கதவைச் சாத்தினாள். ‘போயிருங்க’ என்றாள். காக்கை போகவில்லை, ஒரு தத்துத் தத்தி அவளுக்குப் பக்கமாக வந்தது. சோறு போட்டுப் பழக்கினவள் ஆயிற்றே, பயப்பட அதற்கு என்ன இருக்கிறது. ‘சொல்லுதேன்லா, இங்க ஒண்ணும் இல்ல, போயிருங்க, ஐயா, உங்களக் கும்பிடுதேன், போயிருங்க.’ கையை வீசினாள். தலையை அந்தப் பக்கம் சாய்த்துப் பார்த்தது. அவள் குனிந்து வலது காலில் கிடந்த செருப்பைக் கழற்றினாள். வெறும் வீம்புக்குத்தான் கழற்றுகிறோம், எறிய மாட்டோம் என்று நினைத்துக்கொண்டே எறிந்தாள். அது வேலிப் பலகையில் படீரென்று அடித்தது. காக்கை துள்ளி எழுந்தது, குரல் கொடுக்காமல், ஒரு கூரை தாண்டி, இன்னொரு கூரை தாண்டிப் போனது, ஆண்குருவி எங்கிருந்தோ வந்து அதன் முதுகிலேயே தொற்றிக்கொண்டு துரத்தியது. செண்பகவல்லி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் பார்த்தாள். துரத்திவிட்டுத் திரும்பி வந்த குருவி, வந்த வேகத்தில் அவள் உச்சந்தலையில் ஒரு போடு போட்டது. முந்தானை நழுவிக் கிடந்தது. அவள் அதை எடுத்துப் போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு போடு போட்டது. தாய் கூரையிலிருந்து இறங்கிப் புதருக்குள் போயிற்று.

போன் அடித்தது குக்கருக்குப் பக்கத்தில், உள்ளே வந்து எடுத்தாள். கோமதிதான். ‘என்னம்மா, உச்சி ஆகப் போகுது, போனே காணும். இங்க எனக்குப் பசி உயிரு போகுது. காக்கா வந்துச்சா?’ தரையில் இலை இருந்தது, சோற்றின்மேல் நெய் உறைந்துகொண்டிருந்தது. ஒரு காலில் செருப்போடு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். எடுத்துருச்சுட்டி, நீ சாப்பிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள், எத்தனை நாள் சொல்லிப் பழகின பொய்.

‘வந்தாங்க’ என்றாள். ‘அப்பா வந்தாங்கட்டி. நாந்தான் செருப்பக் கழத்தி எறிஞ்சு வெரட்டிட்டேன்.’

போனைக் காதில் வைத்தபடியே மற்றக் காலில் கிடந்த செருப்பையும் கழற்றி வைத்தாள்.